தாய்ப்பெட்டி

ஏப்ரல் 24, வியாழன்

புழுப் பெட்டிக்குள் 19 டிகிரி. காலையில் இரண்டு ஐஸ் பாட்டில் மாற்றினேன். தயிரில் நனைத்த ரொட்டி ஒரு துண்டு. கண்ணாடிக்கு அடியில் புழு திரண்டு நிற்கிறது. ஒரு சிட்டிகை எடுத்து மீனுக்குப் போட்டேன்.

இந்த நோட்டில் முதல் எழுபத்தொரு பக்கம் என் மகள் கோதையின் கையெழுத்து. அதற்குப் பிறகு என்னுடையது. ஒரு வருஷமாக நாளுக்கு ஒரு வரிதான் எழுதினேன்: டிகிரி, பாட்டில், ரொட்டி. இனிமேல் கொஞ்சம் கூடவே எழுதலாம் என்றிருக்கிறேன். வீட்டில் என் மனைவி வல்லி என்னோடு பேசுவதில்லை. மீன்களோடு எவ்வளவுதான் பேசுவது.

ஏப்ரல் 26, சனி

18 டிகிரி. இரண்டு பாட்டில்.

கொளத்தூரில் வண்ணமீன் வளர்க்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் சாக்கடைப் புழுதான் போடுவோம். கால்வாயில் இடுப்பளவு இறங்கி ஆள் அள்ளிக்கொண்டு வருவான். சிவப்பு நூல்கண்டு போல இருக்கும். முப்பது வருஷம் நானும் அதைத்தான் போட்டேன். மீனுக்கு வயிறு வீங்கும், செதில் உதிரும், பத்துக்கு நாலு மிதக்கும். தலையெழுத்து என்று அள்ளிக் கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

கோதை காலேஜில் படித்ததை என்மேல் காட்டினாள். "சாக்கடையக் கொண்டாந்து தொட்டியில கொட்டற. அப்புறம் மருந்துக் கடைக்கும் நீயே ஓடற. ஏன்ப்பா இந்தக் கூத்து?" என்றாள். எங்கிருந்தோ ஒரு தீப்பெட்டி அளவு வெள்ளைப் புழு வாங்கி வந்தாள். குளிர்ச் சீமைப் புழு, மெட்ராஸ் வெயில் ஆகாது. தெர்மகோல் பெட்டி, தேங்காய் நார்த்தூள், மேலே ஒரு கண்ணாடித் துண்டு, காலையும் மாலையும் ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டில். "பெத்த பிள்ளைக்குக்கூட இவ்வளவு செய்யமாட்டாங்க" என்று நான் சிரித்தேன். ஆறு மாதத்தில் மீன் சாவது நின்றது. என் சிரிப்பும் நின்றது.

அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. பெட்டி நிறைந்தால் பாதியை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். அதை உறை கொடுப்பது என்பாள். தயிருக்கு உறை கேட்டு அடுத்த வீட்டுக்குக் கிண்ணம் எடுத்துப் போகிறோமே, அதேதான். கொடுக்கிறவர் பேரும் தேதியும் மூடியில் எழுத வேண்டும். "நம்ம கிட்ட மட்டும் இருந்தா ஒரு நாள் கரண்ட் போனாலே போச்சு. நாலு வீட்ல இருந்தா நம்மது செத்தாலும் போய் வாங்கிக்கலாம்" என்பாள். வீட்டிலேயே இருக்கும் இந்தப் பெட்டிக்குத் தாய்ப்பெட்டி என்று பேர். மூடியில் அவள் எழுதியது இன்னும் அழியவில்லை.

கோதை போன பிறகு நான் யாருக்கும் உறை கொடுக்கவில்லை. அவள் கை வைத்து ஆரம்பித்தது. எதற்குக் கண்டவனுக்கும் கொடுப்பது?

ஏப்ரல் 29, செவ்வாய்

அண்ணன் தணிகாசலம் வந்திருந்தார். மே பதினொன்று கோதைக்கு முதல் வருஷத் திதி, ஐயருக்குச் சொல்லியாயிற்று என்றார். எனக்கு இதில் விருப்பமா என்று கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் அவருக்கு இல்லை.

"பதினாறாம் நாள் செஞ்சோம் இல்ல, இதையும் செய்யணும்டா. பாதியில விட்டா ஊர் சிரிக்கும்."

போன வருஷம் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்ததும் அவர்தான். பத்தடிக்கு ஆறடி. கண்ணீர் அஞ்சலி, அமரர் செல்வி ஏ. பூங்கோதை, நடுவில் அவள் பட்டமளிப்புப் படம். கீழே கண்ணீருடன் என்று போட்டு முதல் பேர் என்னுடையது. அச்சுக்குக் கொடுக்கும் முன் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று என்னிடம்தான் காட்டினார். ஒரு பிழையும் இல்லை, சரி என்றேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ஃப்ளெக்ஸைக் காணோம். மாநகராட்சிக்காரன் அவிழ்த்திருப்பான் என்றார்.

மே 2, வெள்ளி

20 டிகிரி. மூன்று பாட்டில்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'உறை வாங்கியவர்கள்' என்று அவள் ஒரு பட்டியல் போட்டிருக்கிறாள். ஜகந்நாதன், பாடி. சுகந்தி டீச்சர், அயனாவரம். மூன்றாவது, சீலன்.

ஜெயசீலன் என்பது முழுப்பேர். எனக்குச் சாக்கடைப் புழு அள்ளிக்கொண்டு வந்தவன். ஆறு வருஷம் என் வீட்டுக்கு வந்தான். அவனை நான் ஒருநாளும் குறைவாக நடத்தியதில்லை. கேட்டுக்கு வெளியே நிற்கவைத்தாலும் டீ கொடுக்காமல் அனுப்பியதில்லை. அவனுக்கென்று ஒரு தனி டம்ளரே உண்டு, மாடத்தில் இருக்கும். வெள்ளைப் புழு வந்த பிறகு நம்மிடம் அவனுக்கு வேலை இல்லை. பாவம் பையன் பிழைக்கட்டும், அவனும் வளர்க்கட்டும் என்று கோதைதான் உறை கொடுத்தாள்.

செத்துப்போச்சு என்று இரண்டாம் தரம் வந்தான். கொடுத்தாள். மறுபடியும் செத்துப்போச்சு. மூன்று மாதத்தில் ஐந்து தரம். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறாள், பைத்தியக்காரி. நான் ஒருநாள் சும்மா இந்தப் பக்கத்தைப் புரட்டினேன். ஒருத்தனிடம் எத்தனை தரம் சாகும் புழு என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நான் விளங்கிக்கொண்டதைச் சத்தமாகச் சொன்னேன். கையையும் ஓங்கினேன். மறுநாள் அவள் வீட்டில் இல்லை.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். காலை பதினொன்றிலிருந்து மூன்று வரை கரண்ட் இல்லை. ஃப்ரீசரில் பாட்டில் உறையவில்லை. கடையில் ஐஸ் கட்டி வாங்கி, சாக்கில் சுற்றி வைத்தேன். 23 டிகிரிக்குப் போய்த் திரும்பியது. புழு பிழைத்தது.

மே 7, புதன்

19 டிகிரி. இரண்டு பாட்டில். ரொட்டி.

மே 10, சனி

நாளைக்கு என்னென்ன சமைக்க வேண்டும் என்று அண்ணி வல்லியிடம் சொல்ல வந்தார். புளிச்சோறு, உளுந்து வடை, பால் பாயசம். கோதைக்குப் பிடித்தவை. வல்லி சிங்க்கில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், திரும்பக்கூட இல்லை.

"உசுரோட இருக்கறவளுக்கு நான் வடை சுடமாட்டேன்."

"வாயக் கட்டு வல்லி. நம்மள வரைக்கும் அவ இல்ல" என்றார் அண்ணி.

"உங்கள வரைக்கும் இல்லன்னா உங்க வீட்ல செய்யுங்க. என் அடுப்பு எரியாது."

நான் மாடிக்குத் தொட்டி பார்க்கப் போய்விட்டேன். ஒரு வருஷத்தில் அவள் என்னைப் பார்த்துச் சொல்லாத வார்த்தையை அண்ணியைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

மே 11, ஞாயிறு

ஆயிற்று. அண்ணன் வீட்டில் சமைத்துத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்தார்கள். ஐயர் வந்தார், பேர் கேட்டார், நட்சத்திரம் கேட்டார். எள்ளும் தண்ணீரும் நான்தான் இறைத்தேன். மகளுக்குத் தகப்பன் செய்வது முறையில்லைதான், வேறு ஆள் இல்லாவிட்டால் செய்யலாம் என்றார். வல்லி ரூமுக்குள் தாழ் போட்டுக்கொண்டாள்.

மாடியில் வாழை இலையில் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிட்டோம். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு காக்கை கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்தது, இலையைப் பார்த்தது, பறந்துவிட்டது. "வெயிலுக்கு வராது. மாட்டுக்கு வெச்சிடு" என்று அண்ணன் இறங்கிப் போனார்.

கொளத்தூரில் மாட்டுக்கு நான் எங்கே போவேன்? குப்பையில் போட மனசு வரவில்லை. அவள் பேர் சொல்லி வைத்த சோறு. இலையோடு நின்றுகொண்டிருந்தேன். இந்த வீட்டில் அவள் கையால் சாப்பிட்ட உயிர் வேறு எது இருக்கிறது என்று தோன்றியது. பெட்டியைத் திறந்து, கண்ணாடியைத் தூக்கி, புளிச்சோறு ஒரு பிடி, வடையைக் கிள்ளிக் கொஞ்சம், பாயசம் ஒரு கரண்டி வைத்தேன்.

புழு உடனே வந்து மொய்த்தது. காக்கைக்கு இல்லாத நன்றி இவற்றுக்கு இருக்கிறது. அழுகை வந்தது. ஒரு வருஷத்தில் முதல்முறை. யாரும் பார்க்கவில்லை.

மே 12, திங்கள்

பெட்டியைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. 27 டிகிரி. ஐஸ் இருந்தும் உள்ளே சூடு. சோறு பொங்கி நொதித்துக்கொண்டிருந்தது. புழு எல்லாம் சுவரில் ஏறி மூடிவரை வந்து சேமியா போலக் கொத்தாகத் தொங்குகிறது. புழு சுவரேறினால் கீழே வாழ முடியவில்லை என்று அர்த்தம். இதை அவள் முப்பதாம் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறாள். இரண்டு வரி தள்ளி, சிவப்பு மையில்: உப்பு, புளி, எண்ணெய் பக்கத்திலேயே வரக்கூடாது.

இந்த நோட்டை எத்தனை தரம் படித்திருப்பேன். முட்டாள். முட்டாள்.

மே 13, செவ்வாய்

நார்த்தூளை மாற்றினேன். ஏறின புழுவை வழித்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசி விட்டேன். பாதி அசையவில்லை. மதியம் மறுபடி கரண்ட் போயிற்று.

மே 14, புதன்

பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். உயிரோடு இருபத்துமூன்று.

மே 15, வியாழன்

நாலு. சாயங்காலம் பார்த்தபோது ஒன்றும் இல்லை. நார்த்தூளைத் தினத்தாளில் கொட்டி, கையால் துழாவித் துழாவிப் பார்த்தேன். வல்லி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்ததும் உள்ளே போய்விட்டாள்.

எழுதுவதற்கென்ன, உண்மையையே எழுதுகிறேன். மீனுக்கு வேறு தீனி கிடைக்கும். கவலை மீனைப் பற்றியது இல்லை. காலையில் எழுந்ததும் பாட்டில் மாற்ற ஒரு பெட்டி இருந்தது. அவள் ஆரம்பித்ததை நான் செய்துகொண்டிருந்தேன். அவள் இந்த வீட்டில் உயிரோடு இருந்தது அங்கே மட்டும்தான். எள் இறைத்த கையாலேயே அதையும் கொன்றுவிட்டேன்.

மே 17, சனி

பட்டியலில் முதல் பேர் ஜகந்நாதன். பாடிக்குப் போனேன். வாசலில் காலித் தெர்மகோல் பெட்டியில் துளசி வளர்த்திருக்கிறார்.

"அதுவா? போன ஐப்பசியில தங்கச்சி கல்யாணம். நாலு நாள் வெளியூர். வந்து பாத்தா கஞ்சி. ஏன், உங்க கிட்ட இருக்குமேன்னு நானே ஒருநாள் வந்தேனே. இல்லன்னு சொல்லிட்டீங்க."

சொன்னேன்தான். பெட்டி நிறைய வைத்துக்கொண்டு இல்லை என்றேன்.

மே 19, திங்கள்

அயனாவரம். சுகந்தி டீச்சர் ரிட்டையர் ஆனவர், சண்டைமீன் வளர்ப்பவர். கதவைத் திறந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"போஸ்டரப் பாத்துட்டு மாலை வாங்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தவ நான். ஞாபகம் இருக்கா சார்?"

இருக்கிறது. வாசலில் விழுந்து அழுதார். என்ன நோய் என்று கேட்டார். காய்ச்சல் என்று சொன்னது நான்தான்.

"பத்து நாள் எனக்குச் சோறு இறங்கல. பதினோராம் நாள் போன் வருது. 'டீச்சர், கோதை பேசறேன், உறை இருக்கா, இங்க செத்துப்போச்சு'ன்னு. நான் போனைக் கீழ போட்டுட்டேன் சார், பேய்னு நெனச்சு."

புழு இருக்கிறதா என்று கேட்டேன். அவரிடமும் இந்தக் கோடையில் போய்விட்டதாம். "அவ கிட்டதான் இருக்கு. மீஞ்சூர்ல. இப்ப இந்த ஊர் பூராவும் அவதான் சப்ளை" என்று விலாசம் எழுதிக் கொடுத்தார். கொடுத்த பிறகு கதவைச் சாத்த மறந்தவர் மாதிரி நின்றார்.

"புழுவுக்காகத்தான் போறீங்களா சார்?"

ஆமாம் என்றேன்.

மே 20, செவ்வாய்

போகவில்லை.

மே 21, புதன்

போகவில்லை. காலையில் எழுந்து ஃப்ரீசரிலிருந்து இரண்டு பாட்டிலை எடுத்துவிட்டேன். பெட்டி காலி என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

மே 22, வியாழன்

கும்மிடிப்பூண்டி ரயில். மீஞ்சூரில் இறங்கி ஆட்டோ. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு, முன்னால் எட்டு சிமெண்ட் தொட்டி. வாசலில் ஒரு அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சீலனின் தாயார். முகம் அப்படியே அவன்தான். என்னை அவருக்குத் தெரியாது.

"வெள்ளைப் புழு கிடைக்கும்னாங்க" என்றேன்.

"கோத! புழுவுக்கு ஒரு சார் வந்திருக்காரு பாரு."

கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இளைத்திருக்கிறாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு இழுக்கிற நேரம், அவ்வளவுதான்.

"எவ்ளோ வேணும் சார்?"

ரயிலில் எல்லாவற்றையும் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அழுதால் என்ன சொல்வது, திட்டினால் என்ன சொல்வது, கதவைச் சாத்தினால் எவ்வளவு நேரம் நிற்பது. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். 'சார்' என்று கூப்பிடுவாள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"உறை மட்டும் போதும்மா. வீட்ல இருந்தது செத்துப்போச்சு."

பக்கத்துக் கொட்டகைக்குப் போனாள். வரிசையாகப் பெட்டிகள், மேலே வெயிலுக்குக் கெட்டியான ஷீட் போர்த்தியிருந்தது. அவள் அதைத் தூக்கி மடக்கியபோது உள்பக்கம் தெரிந்தது. கண்ணீருடன் என்ற எழுத்து. அதற்குக் கீழே என் பேர். படம் இருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள்.

நான் பார்ப்பதை அந்த அம்மா பார்த்தார். "அந்த ஷீட்டு நல்லாத் தாங்குது சார். எம் புள்ள எங்கியோ அவுத்தாந்தான். ஒரு வருசமாச்சி, கிழியல." அவருக்குப் படிக்கத் தெரியாது போலிருக்கிறது.

கோதை ஒரு டப்பாவில் புது நார்த்தூள் போட்டு நனைத்தாள். உறை கொடுக்கும் முன் பழையது எப்படிச் செத்தது என்று கேட்டுக்கொள்வது அவள் பழக்கம். தெரியாமல் கொடுத்தால் இதுவும் சாகும் என்பாள். என்னிடமும் கேட்டாள்.

"எப்படிச் செத்துச்சு? வெயிலா, தீனியா?"

"தீனி."

"என்ன போட்டீங்க?"

"சோறு."

"வெறும் சோறா?"

"புளிச்சோறு. வடை. பாயசம்."

"புழுவுக்குப் பாயசமா!" என்று அந்த அம்மா சிரித்தார். கோதை சிரிக்கவில்லை. அந்த மூன்றும் என்ன என்று அவளுக்குத் தெரியும்.

"படைச்ச சோறு. வீட்ல திதி" என்றேன்.

"யாருக்கு சார்?" அந்த அம்மாதான் கேட்டார். கோதை குனிந்து கண்ணாடியிலிருந்து புழுவை வழித்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவள் காலில் விழுந்திருக்கலாம். இவள்தான் அம்மா என் மகள், நான் ஒரு பாவி என்று சொல்லியிருக்கலாம். ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய்.

"என் பொண்ணுக்கு" என்றேன்.

"ஐயையோ. என்னா வயசு?"

"இருபத்தாறு."

"எங்க கோத வயசுதான். எந்தத் தகப்பனுக்கும் இந்தக் கொடும வரக்கூடாது சார்" என்று அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மகள் செத்துப்போனதற்கு நெஞ்சார அழுதவர் உலகத்தில் இரண்டு பேர். அயனாவரத்து டீச்சர், இந்த அம்மா.

கோதையின் கை நிற்கவில்லை. "அத்த, சாருக்கு மோர் குடுங்க. வெயில்ல வந்திருக்காரு" என்றாள்.

எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தார். வெளியிடத்தில் தூக்கித்தான் குடிப்பேன். இன்று வாய் வைத்துக் குடித்தேன். உப்பு சரியாக இருந்தது.

வீட்டுக்குள் தூளியில் குழந்தை அழுதது. அந்த அம்மா எழுந்து போனார். நாங்கள் இரண்டு பேரும் ஒரு நிமிஷம் தனியாக இருந்தோம். "அம்மா உன்னத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"மூணு நாளைக்கு ஒரு தரம் ரொட்டி. இருபதுக்கு மேல போகக்கூடாது" என்றாள். டப்பாவை மூடி நீட்டினாள்.

"மூடியில பேர் எழுதலையே."

அப்போதுதான் இரண்டாம் தரம் என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் மார்க்கர் எடுத்துவந்து எழுதிக் கொடுத்துவிட்டு, ஷீட்டை இழுத்துப் பெட்டிகளை மூடினாள். குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. அவள் உள்ளே போனாள், நான் வெளியே வந்தேன்.

ரயிலில்தான் படித்தேன். "கொடுத்தவர்: அமரர் ஏ. பூங்கோதை. மே 22."

என் பேச்சு, என் கோபம் எல்லாம் அவளிடம் அப்படியே இருக்கிறது. இன்ஷியலையும் மாற்றவில்லை.

மே 23, வெள்ளி

18 டிகிரி. இரண்டு பாட்டில். புழு உள்ளே இறங்கிவிட்டது.

பாட்டில் மாற்றும்போது வல்லி வந்தாள். நேற்று வந்த டப்பாவின் மூடியைக் கையில் எடுத்தாள். அவள் உதடு அசைவதைப் பார்த்தேன், எழுத்துக் கூட்டிப் படித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தீங்களா?"

ஒரு வருஷம் பன்னிரண்டு நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"பாத்தேன்."

"எப்படி இருக்கா?"

"இருக்கா. இளைச்சிருக்கா. தூளி கட்டியிருக்கு."

வல்லி என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடி வலித்தது. "என்ன குழந்த?"

மற்றக் கையால் பெட்டியின் கண்ணாடியை நகர்த்திச் சரிசெய்தேன்.

"ஆணா பொண்ணாங்க?"

"கேக்கல."

அவள் கையை எடுத்துவிட்டாள். முந்தானையை எச்சிலில் நனைத்து, மூடியில் அந்த 'அமரர்' என்ற ஒரு சொல்லை மட்டும் தேய்க்க ஆரம்பித்தாள். போகவில்லை. தேங்காயெண்ணெய் எடுத்துவந்து தேய்த்தாள். நகத்தால் சுரண்டினாள். அது அழிகிறவரை எழுந்திருக்கவில்லை. மற்ற எழுத்தில் ஒரு கோடுகூடக் கலையவில்லை.

மே 24, சனி

வல்லி காலையிலேயே கிளம்பிவிட்டாள். பையில் பழைய நூல்புடவை, வசம்பு, கழுத்திலிருந்து கழற்றின ஒற்றைச் சங்கிலி. டீச்சர் எழுதிக் கொடுத்த விலாசச் சீட்டை என் சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள். என்றைக்குத் திரும்புவாள் என்று நான் கேட்கவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அம்மா முகம் ஞாபகம் வந்தது. செத்துப்போன பெண்ணுக்காக அழுதாரே, அவர் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

கேட்டைச் சாத்தும்போது வல்லி சொன்னாள். "பாட்டில் மாத்த மறந்துடாதீங்க."

ஜூன் 1, ஞாயிறு

18 டிகிரி. இரண்டு பாட்டில். ரொட்டி. அண்ணன் வந்தார். நான் கேட்டைத் திறக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

18 டிகிரி. வல்லி வரவில்லை. போனும் இல்லை.

மாடத்தில் சீலனின் டம்ளர் இருந்தது. எடுத்துத் தேய்த்து உள்ளே வைத்தேன். இனி யார் வந்து அதில் டீ குடிக்கப் போகிறார்கள்.

ஜூன் 18, புதன்

19 டிகிரி. பெட்டி நிறைந்துவிட்டது. கண்ணாடியைத் தூக்கினால் வெள்ளை வெளேரென்று நெளிகிறது. பாதியை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நெரிசலிலேயே அழுகிப்போகும். அவள் சட்டம்.

ஜகந்நாதனுக்குப் போன் செய்தேன். எல்லோரும் இப்போது மீஞ்சூரில்தான் வாங்குகிறார்களாம், வேண்டாம் என்றார். டீச்சர் எடுக்கவில்லை.

நானே ஒரு டப்பாவில் நார்த்தூள் நனைத்துப் பாதிப் புழுவைப் பிரித்து வைத்தேன். மூடியில் எழுதினேன். கொடுத்தவர்: கோ. ஏகாம்பரம், ஜூன் 18. எழுத்து நன்றாகவே வந்திருக்கிறது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.